ஐஆர்35: ஃப்ரீலான்சரின் வரிநிலையை யார், எதை வைத்து முடிவு செய்வது?

பிரிட்டனில் ஒரு கம்பெனி நடத்துகிறீர்கள். மென்பொருள் வேலைக்கோ டிசைனுக்கோ ஆறு மாதத்துக்கு ஒருவர் தேவைப்படுகிறார். வருபவர், தன் சொந்த லிமிடெட் கம்பெனி பெயரில் இன்வாய்ஸ் அனுப்புவதாகச் சொல்கிறார். நீங்களும் சரி என்கிறீர்கள். பணத்தைக் கொடுத்தோம், வேலை முடிந்தது, அவருடைய வரியை அவர் பார்த்துக்கொள்வார் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. இப்போது, நடுத்தர அளவு அல்லது பெரிய நிறுவனமாக இருந்தால், அந்த நபர் வரி விஷயத்தில் ஊழியர் மாதிரியா, தனித்தொழில் செய்பவரா என்று எழுத்தில் முடிவு சொல்ல வேண்டியது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. முடிவு தவறினால் வரி பாக்கியும் அந்தப் பக்கமே வந்து நிற்கும். இந்த விதிகளைத்தான் எல்லோரும் ஐஆர்35 என்கிறார்கள். குழப்பம் அதிகம் என்பதால் பல நிறுவனங்கள் ஒப்பந்த மாதிரி ஒன்றை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகின்றன. வரித்துறையும் நீதிமன்றமும் காகிதத்தோடு நிற்பதில்லை, வேலை அன்றாடம் எப்படி நடக்கிறது என்று பார்க்கின்றன. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்ற விதிகளை வரிசையாகப் புரிந்துகொள்ளலாம்.

## அடிப்படை: ஒரே வேலை, மூன்று வழியில் பணம்

1. ஊழியராக எடுப்பது. மாதச் சம்பளத்திலேயே வருமான வரியும் நேஷனல் இன்ஷூரன்ஸும் (சமூகப் பாதுகாப்புக்கான கட்டாயப் பங்களிப்பு) பிடிக்கப்படும். பி.ஏ.ஒய்.இ. என்பது இந்தப் பிடித்தம்தான். அதற்கு மேல் முதலாளி தன் கையிலிருந்து கட்ட வேண்டிய நேஷனல் இன்ஷூரன்ஸ் தனி: 2025 ஏப்ரல் 6 முதல், ஆண்டுக்கு 5,000 பவுண்டுக்கு மேற்பட்ட சம்பளத்தில் 15 சதவீதம்.

2. தனிநபர் சுயதொழில். கம்பெனி எதுவும் இல்லாமல் தன் பெயரிலேயே இன்வாய்ஸ் கொடுப்பவர். ஆண்டு முடிவில் தானே கணக்குக் காட்டி வரி கட்டுவார். வேலை கொடுப்பவருக்கு நேஷனல் இன்ஷூரன்ஸ் செலவு இல்லை.

3. சொந்த லிமிடெட் கம்பெனி வழியாக வருபவர். உங்கள் ஒப்பந்தம் அவருடைய கம்பெனியோடு. பணம் கம்பெனிக்குப் போகும், கம்பெனி கார்ப்பரேஷன் வரி கட்டும். அவர் சிறிய தொகையைச் சம்பளமாகவும் மிச்சத்தை டிவிடெண்டாகவும் எடுத்துக்கொள்வார். டிவிடெண்டுக்கு வரி உண்டு, நேஷனல் இன்ஷூரன்ஸ் கிடையாது.

மூன்றாவது வழியில் இரு பக்கமும் மிச்சம் இருப்பது வெளிப்படை. உண்மையாகவே தொழில் நடத்துபவருக்கு அது நியாயமானது. அவருக்கு வேலை நிச்சயமில்லை, விடுப்புச் சம்பளம் இல்லை, நோயில் படுத்தால் வருமானம் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை ஊழியராக விடைபெற்றுப் போனவர், திங்கட்கிழமை அதே நாற்காலியில், அதே மேலாளரின் கீழ், அதே வேலைக்குக் ‘கான்ட்ராக்டர்’ என்று வந்து உட்கார்ந்தால்? மாறியது வரி மட்டும்தான். இந்த ஓட்டையை அடைக்க வந்ததே ஐஆர்35.

நடுவில் அந்தக் கம்பெனி இல்லை, அவர் நேரடியாகக் கிளையன்டிடம் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொண்டால், அவர் ஊழியராகக் கருதப்படுவாரா? சட்டம் கேட்பது இந்தக் கற்பனைக் கேள்வியைத்தான். ஆம் என்றால் அந்த வேலை ஐஆர்35-க்கு ‘இன்சைடு’. இல்லை என்றால் ‘அவுட்சைடு’. கவனிக்க வேண்டியது, இந்த முத்திரை ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி. ஒரே ஆள் திங்கள் முதல் புதன் வரை ஒரு கிளையன்டிடம் இன்சைடாகவும், வியாழன், வெள்ளியில் இன்னொருவரிடம் அவுட்சைடாகவும் இருக்கலாம்.

## முடிவெடுக்கும் பொறுப்பு கைமாறிய கதை

1999 மார்ச் 9 பட்ஜெட் நாளில் அன்றைய வரித்துறையான இன்லேண்ட் ரெவன்யூ (சுருக்கமாக ஐஆர்) வெளியிட்ட செய்திக்குறிப்புகளில் 35-ஆம் எண் கொண்டது இந்த விதியை அறிவித்தது. அந்த எண்ணே பெயராக ஒட்டிக்கொண்டது. 2000 ஏப்ரல் 6 முதல் விதி அமலுக்கு வந்தது. அப்போது முடிவெடுக்க வேண்டியவர் கான்ட்ராக்டரே. தன் வரி கூடும் முடிவைத் தானே எடுக்க வேண்டிய நிலை. எத்தனை பேர் எடுத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் 2017 ஏப்ரலில் அரசுத் துறைகளுக்கு மட்டும் விதி மாறியது: இனி கிளையன்ட்தான் முடிவு சொல்ல வேண்டும். தனியார் நிறுவனங்களுக்கு 2020 ஏப்ரலில் வருவதாக இருந்தது. கோவிட் காரணமாக ஓராண்டு தள்ளி 2021 ஏப்ரல் 6 அன்று வந்தது. 2022 செப்டம்பரில் நிதியமைச்சர் குவாசி குவார்டெங் இந்த இரண்டு மாற்றங்களையும் ரத்து செய்யப்போவதாக அறிவித்தார். மூன்றே வாரத்தில், அக்டோபர் 17 அன்று, அவருக்குப் பின் வந்த ஜெரமி ஹன்ட் அந்த அறிவிப்பை விலக்கிக்கொண்டார். ஐஆர்35-ஐ எடுத்துவிட்டார்களே என்று இன்றும் சிலர் கேட்பது அந்த மூன்று வாரத்தின் மிச்சம். எடுக்கவில்லை, விதி அப்படியே இருக்கிறது.

## எண்களில் பார்த்தால்

ஒரு டெவலப்பரின் டே ரேட், அதாவது ஒரு நாளைக்கான கட்டணம், 400 பவுண்டு. மாதம் 20 நாள். இன்வாய்ஸ் 8,000 பவுண்டு, அதன் மேல் 20 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) 1,600 பவுண்டு.

அவுட்சைடு என்றால் கிளையன்ட் 9,600 பவுண்டை அப்படியே அவர் கம்பெனிக்கு அனுப்பிவிடுவார். வரி அவர் பாடு.

இன்சைடு என்றால் 8,000 பவுண்டைச் சம்பளம் போலக் கருத வேண்டும். இங்கிலாந்து வரி விகிதம், வழக்கமான 12,570 பவுண்டு வரிவிலக்கு, ஆண்டு முழுதும் இதே வருமானம் என்று வைத்தால், மாதம் சுமார் 2,153 பவுண்டு வருமான வரி, சுமார் 328 பவுண்டு ஊழியர் பங்கு நேஷனல் இன்ஷூரன்ஸ் பிடிபடும். கைக்கு வருவது சுமார் 5,520. பணம் கொடுப்பவர் இதற்கு மேல் முதலாளி பங்காகச் சுமார் 1,138 பவுண்டு கட்ட வேண்டும். வாட் 1,600-ஐ இப்போதும் கான்ட்ராக்டரின் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும், அதில் பிடித்தம் கிடையாது.

இந்த 1,138 பவுண்டில்தான் பல தகராறுகள் ஆரம்பிக்கின்றன. முதலாளி பங்கைக் கான்ட்ராக்டரின் தொகையிலிருந்து கழித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. புதிய ஒப்பந்தத்தில் ரேட்டையே குறைத்துப் பேசி முடிக்கலாம், அது பேரம். பேசி முடித்த ரேட்டிலிருந்து பிறகு உருவுவது சட்டமீறல். நடுவில் நின்று ஆள் ஏற்பாடு செய்து பணம் தரும் ஏஜென்சி அனுப்பும் கணக்குச் சீட்டில் அந்தக் கழிவு இருக்கிறதா என்று ஃப்ரீலான்சர்கள் பார்த்துக்கொள்வது நல்லது.

## உங்கள் நிறுவனத்துக்கு எந்த விதி?

வேலை கொடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது இது. ஆளைப் பற்றிய கேள்வி அதற்கு அப்புறம்தான்.

1. அரசு அமைப்பு என்றால் அளவு எதுவானாலும் முடிவு உங்களுடையது. உள்ளாட்சிக் கவுன்சில், அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். மருத்துவமனை எல்லாம் இதில் வரும்.

2. நடுத்தர அல்லது பெரிய தனியார் நிறுவனம் என்றாலும் முடிவு உங்களுடையது.

3. சிறிய தனியார் நிறுவனம் என்றால் பழைய விதியே. கான்ட்ராக்டரின் கம்பெனியே முடிவெடுத்து, தேவையானால் வரியும் கட்டும். பிரிட்டனோடு எந்தத் தொடர்பும் இல்லாத வெளிநாட்டுக் கிளையன்டுக்கும் இதேதான்.

‘சிறிய’ என்பதற்குக் கம்பெனிச் சட்டத்தின் அளவுகோல். ஆண்டு விற்றுமுதல், இருப்புநிலைக் குறிப்பின் மொத்தச் சொத்து, ஊழியர் எண்ணிக்கை ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு வரம்புக்குள் இருக்க வேண்டும். நெடுநாள் இருந்த வரம்பு 1.02 கோடி பவுண்டு விற்றுமுதல், 51 லட்சம் பவுண்டு சொத்து, 50 ஊழியர். 2025 ஏப்ரல் 6 அன்று கம்பெனிச் சட்டத்தில் முதல் இரண்டும் 1.5 கோடி, 75 லட்சம் என உயர்ந்தன, 50 ஊழியர் வரம்பு மாறவில்லை. ஆனால் ஐஆர்35-க்கு அளவைப் பார்ப்பது முடிந்துபோன நிதியாண்டின் கணக்கை வைத்து. எனவே வரம்பு உயர்ந்த நாளிலேயே நீங்கள் ‘சிறிய’ நிறுவனம் ஆகிவிட மாட்டீர்கள், பலன் தாமதமாகவே வரும். எந்த ஏப்ரலிலிருந்து என்று உங்கள் அக்கவுண்டன்டிடம் தேதி கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: பெரிய குழுமத்தின் கிளைக் கம்பெனி தன்னளவில் சிறியதாக இருந்தாலும் சிறியதாக எண்ணப்படாது.

கம்பெனி இல்லாமல் நேரடியாக வரும் சுயதொழிலாளருக்கு ஐஆர்35 பொருந்தாது. பலர் இதைக் கேட்டதும் நிம்மதி அடைகிறார்கள், அங்கேதான் பெரிய ஆபத்து. அவர் உண்மையில் ஊழியர் மாதிரி வேலை செய்தால், நடுவே கம்பெனி என்ற தடுப்பும் இல்லாததால், அவர் நேராகவே உங்கள் ஊழியர். சிறிய நிறுவனம் என்ற சலுகையும் இங்கே கிடையாது. தெருமுனைக் கடையிலிருந்து வங்கி வரை எல்லோருக்கும் அதே சட்டம்.

## ஊழியரா இல்லையா: நீதிமன்றம் பார்க்கும் மூன்று

‘ஊழியர்’ யார் என்று வரிச்சட்டத்தில் ஒரு வரியில் இலக்கணம் இல்லை. தீர்ப்புகளிலிருந்துதான் எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் வேர், 1968 சட்டத் தொகுப்பில் வந்த ரெடி மிக்ஸ்டு கான்கிரீட் வழக்கு. லாரி ஓட்டுநர் ஒருவர். லாரியில் கம்பெனியின் வண்ணம், உடம்பில் கம்பெனியின் சீருடை. பார்த்தால் ஊழியர் என்றே யாரும் சொல்வார்கள். ஆனால் லாரியைத் தவணையில் வாங்கியது அவர், பழுது பார்க்கும் செலவு அவருடையது, தனக்குப் பதில் வேறு ஓட்டுநரை அமர்த்தவும் ஒப்பந்தம் வழி விட்டிருந்தது. நீதிபதி மெக்கென்னா, அவர் ஊழியரில்லை என்றார். அந்தத் தீர்ப்பில் அவர் வகுத்த மூன்று நிபந்தனைகளையே இன்றும் நீதிமன்றங்கள் எடுத்து வைத்துக்கொள்கின்றன.

1. கூலிக்குத் தன் உழைப்பைத் தானே தருவதாக ஒப்புக்கொண்டாரா? இதற்குள் இரண்டு விஷயம். ஒன்று, தனக்குப் பதில் மாற்றாளை அனுப்பலாமா என்பது. மற்றது, இருவருக்கும் இடையிலான பரஸ்பரக் கடமை: வேலை தரவும் கூலி தரவும் ஒருவர் கடமைப்பட்டாரா, செய்ய மற்றவர் கடமைப்பட்டாரா.

2. அவர் மீது கிளையன்டுக்குப் போதிய கட்டுப்பாடு இருக்கிறதா? என்ன வேலை, எப்படி, எப்போது, எங்கே என்று சொல்லும் உரிமை யாரிடம்?

3. ஒப்பந்தத்தின் மற்ற அம்சங்கள் வேலைவாய்ப்போடு பொருந்துகின்றனவா, தனித்தொழிலோடு பொருந்துகின்றனவா?

மாற்றாள் விஷயத்தில்தான் காகிதத்துக்கும் நடப்புக்கும் இடைவெளி அதிகம். ‘தகுதியுள்ள மாற்றாளை அனுப்பலாம்’ என்ற வாசகம் இல்லாத கான்ட்ராக்டர் ஒப்பந்தத்தை இப்போது பார்ப்பது அரிது. ஆனால் அவர் காய்ச்சலில் படுத்த நாளில் உங்கள் அலுவலகம் முன்பின் தெரியாத ஒருவரை லாகின் கொடுத்து உட்கார விடுமா? விடாது என்றால் அந்த வாசகத்துக்கு எடை மிகக் குறைவு. மாற்றாளைத் தேர்ந்தெடுத்து, பணமும் அவரே கொடுத்து, வேலைக்கும் அவரே பொறுப்பு ஏற்பது உண்மையில் நடந்தால், அல்லது நடக்கத் தடையே இல்லையென்றால், அது வலுவான அவுட்சைடு அறிகுறி.

பரஸ்பரக் கடமை பற்றிய பல ஆண்டுச் சச்சரவுக்கு 2024 செப்டம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தெளிவு கொடுத்தது. கால்பந்து நடுவர்களை அனுப்பும் பி.ஜி.எம்.ஓ.எல். நிறுவனத்தின் வழக்கு அது. பகுதி நேர நடுவர்கள் ஒரு போட்டிக்கு ஒப்புக்கொண்ட பிறகும் தண்டனையின்றி விலகலாம், நிறுவனமும் விலக்கலாம். அப்படியானால் கடமை எங்கே என்பது வாதம். அந்த ஒரு போட்டிக்கான ஒப்பந்தத்துக்குள்ளேயே போதிய பரஸ்பரக் கடமை இருக்கிறது என்றது நீதிமன்றம். மைதானத்தில் விசில் ஊதும் நடுவருக்கு யாரும் குறுக்கே கட்டளையிட முடியாதே என்ற வாதத்துக்கும், ஒவ்வொரு நொடியும் தலையிட முடிய வேண்டும் என்பதில்லை, கட்டுப்பாட்டுக்கு ஒரு சட்டகம் இருந்தால் போதும் என்றது. ஆனால் நடுவர்கள் ஊழியர்கள்தான் என்று அது தீர்ப்பளிக்கவில்லை. மூன்றாவது நிபந்தனையையும் சேர்த்து முடிவெடுக்கக் கீழ்த் தீர்ப்பாயத்துக்குத் திருப்பி அனுப்பியது.

இதிலிருந்து நடைமுறைப் பாடம் ஒன்று. அடுத்த வேலைக்கு உத்தரவாதம் தரவில்லை, அதனால் ஊழியர் இல்லை என்று சொல்லித் தப்பிக்கும் வழி குறுகிவிட்டது. முதல் இரண்டு நிபந்தனைகளும் பெரும்பாலான கான்ட்ராக்டர்களுக்குப் பொருந்திப்போகலாம். சண்டை இனி மூன்றாவதில்தான்.

மூன்றாவது நிபந்தனை மனுஷனின் முழுப் படத்தைப் பார்க்கிறது. 1990-களின் ஹால் எதிர் லோரிமர் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சி ஸ்டுடியோக்களில் விஷன் மிக்சராக (பல கேமராக் காட்சிகளை மாற்றிக் கோர்ப்பவராக) இருந்தவர், 20-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, பெரும்பாலும் ஓரிரு நாள் வேலைகள். கருவி எதையும் அவர் கொண்டுபோகவில்லை, ஸ்டுடியோவின் விலையுயர்ந்த மேசையில்தான் உட்கார்ந்தார். ஆனாலும் அவர் சுயதொழிலாளர் என்றே தீர்ப்பு. இத்தனை கேள்விக்கு இத்தனை மதிப்பெண் என்று கூட்டிப் பார்க்கும் வேலை அல்ல இது, விவரங்களைச் சேர்த்து ஓர் ஓவியம் தீட்டி, அதைத் தள்ளி நின்று பார்ப்பது என்று அந்த வழக்கில் சொல்லப்பட்டது. பிபிசி ரேடியோ ஸ்காட்லாந்து தொகுப்பாளர் கே ஆடம்ஸ் வழக்கில் 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த வழியில்தான் போனது: ஒப்பந்தத்துக்கு வெளியே அவர் நடத்திய தொழில் வாழ்க்கையையும் கணக்கில் எடுக்கலாம். அடுத்த ஆண்டு தீர்ப்பாயம் அவர் பக்கமே முடிவு சொன்னது. ஆனால் அதற்குள் எத்தனை ஆண்டு, எத்தனை கட்ட விசாரணை! சாதாரண டிசைனர் ஒருவரால் இந்தப் பாதையில் நடக்கவே முடியாது. அதனால்தான் முடிவைத் தொடக்கத்திலேயே கவனமாக எடுப்பது அவருக்குச் செய்யும் நியாயமும் ஆகிறது.

மூன்றாவது நிபந்தனையில் எடை உள்ளவை: நஷ்டம் வரும் வாய்ப்பு, பிழையைத் தன் செலவில் திருத்தும் பொறுப்பு, முழு வேலைக்கு ஒரே விலை பேசுவது, சொந்தக் காப்பீடு, பல கிளையன்டுகள். லேப்டாப் யாருடையது என்பது அவ்வளவு முக்கியமில்லை. பாதுகாப்புக்காக நிறுவனமே கொடுப்பது இன்று சகஜம்.

## காகிதம் அங்கேயே நிற்கும், வேலை நகர்ந்துவிடும்

ஓர் உதாரணம். பழைய வாடிக்கையாளர் தரவுகளைப் புதிய சிஸ்டத்துக்கு மாற்ற ஒரு டெவலப்பரை எடுக்கிறீர்கள். 12 வாரம், மூன்று கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தொகை. அவர் வீட்டிலிருந்து, தனக்கு வசதியான நேரத்தில் செய்கிறார். பிழை இருந்தால் திருத்துவது அவர் பொறுப்பு. அவுட்சைடு என்று முடிவெடுக்கிறீர்கள். சரியான முடிவு.

மூன்றாம் மாதம் தரவெல்லாம் மாற்றியாயிற்று. ‘இன்னும் சின்னச் சின்ன வேலை இருக்கிறது, அதே நிபந்தனையில் ஆறு மாதம் தொடரலாமா?’ என்று ஒரு மெயில். கட்டத் தொகை போய் டே ரேட் வருகிறது. ஐந்தாம் மாதம் காலை 9.30 மீட்டிங்கில் அவரும் உட்கார வேண்டும், டீம் லீட் ஒதுக்கும் டிக்கெட்டுகளை, அதாவது தனித்தனி வேலைகளை, செய்ய வேண்டும். ஏழாம் மாதம் இரவு சப்போர்ட் ரோஸ்டரில் அவர் பெயர். ஒன்பதாம் மாதம் புதிதாகச் சேர்ந்த இரண்டு ஜூனியர்களின் விடுப்பை அவர்தான் பார்த்து அனுமதிக்கிறார். தான் ஊருக்குப் போகும் நாளையும் அதே நாட்காட்டியில் குறித்து அனுமதி வாங்குகிறார். மெயில் கையொப்பத்தில் உங்கள் நிறுவனத்தின் லோகோ, கீழே ‘சீனியர் டெவலப்பர்’.

ஒப்பந்தத்தில் ஒரு எழுத்து மாறவில்லை. மாற்றாள் வாசகம் அங்கேயே இருக்கிறது. ஆனால் வரி அதிகாரி ஒப்பந்தத்தை மூடி வைத்துவிட்டு டீம் லீடைக் கூப்பிட்டு, ‘இவருக்குப் பதில் வேறு ஒருவரை அனுப்பியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பீர்களா?’ என்று கேட்பார். ‘இல்லையே, எங்களுக்கு இவர்தான் வேண்டும்’ என்று டீம் லீட் உள்ளதைச் சொல்வார். பல விசாரணைகளின் போக்கை அந்தப் பதில்தான் தீர்மானிக்கிறது. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. நல்ல ஆள் கிடைத்தார், விட மனமில்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஒப்பந்தத்தை நீட்டிக்கும் ஒவ்வொரு முறையும் முடிவைப் புதிதாக எடுக்க வேண்டும். அந்த நீட்டிப்பு மெயிலை அனுப்புகிறவர், டீம் லீடிடம் வேலை இப்போது எப்படி நடக்கிறது என்று கேட்காமல் அனுப்பக்கூடாது.

## முடிவைச் சொல்லும் முறை

நடுத்தர, பெரிய நிறுவனங்கள் கொடுக்க வேண்டிய ஆவணத்துக்கு ஸ்டேட்டஸ் டிடர்மினேஷன் ஸ்டேட்மென்ட் என்று பெயர், சுருக்கமாக எஸ்.டி.எஸ்.

1. முடிவும் அதற்கான காரணங்களும் இரண்டுமே இருக்க வேண்டும். ‘இன்சைடு’ என்று ஒற்றை வார்த்தையில் அனுப்பினால் அது எஸ்.டி.எஸ். ஆகாது.

2. நியாயமான கவனத்தோடு எடுத்த முடிவாக இருக்க வேண்டும். வேலையை அறிந்தவரைக் கேட்டது, ஒப்பந்தத்தைப் படித்தது, அதற்கான குறிப்புகளை வைத்திருப்பது எல்லாம் இதில் அடக்கம்.

3. வேலை செய்பவரிடமும், சங்கிலியில் உங்களுக்கு அடுத்து நிற்கும் ஏஜென்சியிடமும் கொடுக்க வேண்டும். கொடுக்கும் வரை வரிப் பொறுப்பு உங்களிடமே.

4. வேலை செய்பவர் ஏற்கவில்லை என்றால் காரணம் எழுதி முறையிடலாம். 45 நாளுக்குள் நீங்கள் பதில் தர வேண்டும்: முடிவு மாறவில்லை என்றால் ஏன் என்றும், மாறினால் புதிய எஸ்.டி.எஸ்.-உம். தவறினால் அப்போதும் பொறுப்பு உங்களிடம் வந்துவிடும்.

இன்சைடு என்று முடிவானால் வரி பிடித்துக் கட்ட வேண்டியவர் ‘ஃபீ பேயர்’, அதாவது கான்ட்ராக்டரின் கம்பெனிக்குக் கடைசியாகப் பணம் கொடுப்பவர். நடுவில் ஏஜென்சி இருந்தால் ஏஜென்சி, இல்லையென்றால் நீங்கள். ஏஜென்சி கட்டவில்லை, வசூலிக்கவும் வழியில்லை என்றால் வரித்துறை சங்கிலியில் மேலேறி உங்களிடம் வரலாம்.

முறையீட்டைத் தீர்ப்பவரும் முடிவெடுத்த அதே கிளையன்ட் என்பது இந்த ஏற்பாட்டின் பெரிய குறை. சுதந்திரமான மூன்றாவது ஆள் எவரும் இல்லை. இதைப் பல ஆண்டாகக் கான்ட்ராக்டர்கள் சொல்லி வருகிறார்கள், அதில் முழு நியாயம் இருக்கிறது.

## செஸ்ட் கருவி: எவ்வளவு நம்பலாம்?

எச்.எம்.ஆர்.சி. என்னும் வரித்துறை 2017-இல் வெளியிட்ட இலவச இணையக் கருவி செஸ்ட். கேள்விகளுக்குப் பதில் கொடுத்தால் முடிவு சொல்லும். உண்மையான பதில்களைக் கொடுத்திருந்தால் அந்த முடிவுக்குத் தான் கட்டுப்படுவதாக வரித்துறை உறுதி தருகிறது. எளிய விஷயங்களுக்குப் பயனுள்ளது.

குறைகளும் உண்டு. சில நேரம் ‘தீர்மானிக்க இயலவில்லை’ என்றே பதில் வரும். பரஸ்பரக் கடமை இருப்பதாகவே அது வைத்துக்கொள்கிறது என்ற விமர்சனம் பழையது. பெரிய சிக்கல், கேள்வியை யார் நிரப்புகிறார் என்பது. மனிதவளப் பிரிவில் ஒருவர், அந்த டெவலப்பரைப் பார்த்திராதவர், ஒப்பந்தத்தை மட்டும் வைத்து நிரப்பினால் கருவி சொல்வது ஒப்பந்தத்தின் முடிவு. நடப்பு வேறாக இருந்தால் வரித்துறையின் உறுதியும் இல்லை. மாற்றாள் கேள்விக்கு டீம் லீட் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்லட்டும். பதில்களை அச்சிட்டுத் தேதியோடு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

## எல்லோரையும் இன்சைடு என்று சொல்லிவிட்டால்?

2021-இல் பல பெரிய நிறுவனங்கள் செய்தது இதுதான். சில நிறுவனங்கள் லிமிடெட் கம்பெனி வழியாக வருபவர்களையே எடுப்பதில்லை என்று முடிவு செய்தன. அப்படி எடுக்காமல் இருப்பது அவர்கள் உரிமை. ஆனால் எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரின் வேலையையும் பார்க்காமல் மொத்தமாக இன்சைடு முத்திரை குத்துவது நியாயமான கவனம் ஆகாது என்று வரித்துறையின் வழிகாட்டுதலே சொல்கிறது.

இதில் அடிபடுபவர் ஃப்ரீலான்சர். இன்சைடு என்றால் வரிக்கு மட்டும்தான் ஊழியர். விடுப்புச் சம்பளம், நோய்க்காலச் சம்பளம், வேலைநீக்கப் பாதுகாப்பு எதையும் கிளையன்டிடம் இதை வைத்துக் கேட்க முடியாது. வரிச்சட்டத்தில் ஊழியர், சுயதொழிலாளர் என இரண்டே வகை. தொழிலாளர் சட்டத்தில் நடுவே ‘வொர்க்கர்’ என்ற மூன்றாவது வகையும் உண்டு. 2021 பிப்ரவரியில் ஊபர் ஓட்டுநர்கள் உச்ச நீதிமன்றத்தில் பெற்றது அந்த நடு வகைக்கான உரிமைகளை. இரண்டு சட்டமும் தனித்தனி அளவுகோலால் அளப்பதால், ஒருவர் ஊழியரின் வரியைக் கட்டிக்கொண்டு ஊழியரின் உரிமை ஒன்றும் இல்லாமல் இருக்க நேரிடுகிறது. இது சரியில்லை. சட்டம் மாறாத வரை, தேவையில்லாத இன்சைடு முத்திரையாவது விழாமல் பார்த்துக்கொள்வது வேலை கொடுப்பவரின் கையில் இருக்கிறது.

அம்ப்ரல்லா கம்பெனி இன்னொரு வழி. ஃப்ரீலான்சர் அந்தக் கம்பெனியின் ஊழியராகிறார், அது வரி பிடித்துச் சம்பளம் தருகிறது, விடுப்புச் சம்பளமும் உண்டு. நடுவே அவருடைய சொந்தக் கம்பெனி இல்லாததால் ஐஆர்35 எழாது. முதலாளி பங்கு, அம்ப்ரல்லாவின் கட்டணம் எல்லாம் கிளையன்ட் தரும் தொகைக்குள்ளிருந்தே போகும் என்பதால், 400 பவுண்டு என்று விளம்பரத்தில் பார்த்த தொகை சம்பளச் சீட்டில் 400 ஆக இருக்காது. ஏஜென்சி இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வரியைப் பிடித்துக் கட்டாமல் மறைந்துபோன அம்ப்ரல்லாக்கள் பல இருந்ததால், 2026 ஏப்ரல் 6 முதல் அந்த வரிக்கு ஏஜென்சியும், ஏஜென்சி இல்லையென்றால் கிளையன்டும் கூட்டாகப் பொறுப்பு.

## முடிவு தவறினால்

மேலே பார்த்த 400 பவுண்டு டெவலப்பரையே எடுத்துக்கொள்வோம். ஓராண்டு முழுக்க அவுட்சைடு என்று பணம் கொடுத்தீர்கள், இன்சைடு என்று பிறகு முடிவாயிற்று. வருமான வரி சுமார் 25,830, ஊழியர் பங்கு சுமார் 3,930, முதலாளி பங்கு 13,650. மொத்தம் சுமார் 43,400 பவுண்டு, ஒரே ஒருவருக்கு, ஓராண்டுக்கு. வட்டியும் அபராதமும் தனி.

அரசுத் துறைகளே இதில் சறுக்கியிருக்கின்றன. விதிகளைச் சரியாகக் கையாளாததால் 2020-21 ஆண்டில் மத்திய அரசுத் துறைகள் வரித்துறைக்குக் கட்டிய அல்லது கட்ட வேண்டியிருந்த தொகை 26.3 கோடி பவுண்டு என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2022 பிப்ரவரியில் சொன்னது. வேலை மற்றும் ஓய்வூதியத் துறை மட்டும் 8.79 கோடி பவுண்டு. சட்ட நிபுணர்கள் கையருகே இருந்தும் இந்த நிலை என்றால், 80 பேர் வேலை செய்யும் நிறுவனம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

நெடுநாள் ஒரு அநியாயமும் நடந்தது. கான்ட்ராக்டர் தன் கம்பெனி வழியாக ஏற்கெனவே கட்டிய வரியைக் கழிக்காமல், முழு வரியையும் ஃபீ பேயரிடம் கேட்டார்கள். ஒரே பணத்துக்கு இரண்டு முறை வரி. 2024 ஏப்ரல் 6 முதல், கட்டியதைக் கழித்துக்கொள்ளும் வசதி வந்திருக்கிறது. முதலாளி பங்குக்கு அது உதவாது, அந்தச் செலவை யாரும் கட்டியிருக்கவே மாட்டார்களே.

எத்தனை ஆண்டு பின்னோக்கி வருவார்கள்? வருமான வரிக்குப் பொதுவாக 4 ஆண்டு. கவனக்குறைவு என்றால் 6, வேண்டுமென்றே செய்தது என்றால் 20. கவனக்குறைவுக்கான அபராதம் பாக்கி வரியில் 30 சதவீதம் வரை போகலாம். ஆனால் வரித்துறை கேட்கும் முன்பே தவறை நீங்களே சொல்லி, முழு விவரத்தையும் கொடுத்தால் அதே அபராதம் பூஜ்யம் வரை குறையலாம். அவர்கள் கடிதம் வந்த பிறகு சொன்னால் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்காது.

உங்களிடம் இப்போது வேலை செய்யும் ஃப்ரீலான்சர்களில் நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பு வாங்கியவர் யார் என்று இந்த வாரமே ஒரு பட்டியல் எடுங்கள். அவர்களின் டீம் லீடுகளிடம் மாற்றாள் கேள்வியைக் கேளுங்கள். பதில் எஸ்.டி.எஸ்.-ஓடு ஒத்துப்போகவில்லை என்றால், புதிய எஸ்.டி.எஸ். எழுதி, அந்த நபரிடம் முதலில் நேரில் பேசி விளக்கிவிட்டு, அடுத்த இன்வாய்ஸுக்கு முன் கொடுத்துவிடுங்கள்.